ஏரம்பு வாங்கிய டம்பெல்

எங்கள் வட்டாரத்து வாசிகசாலைக்கு ‘ஐக்கிய வாலிபர் சங்கம்’ என்று பெயர். ஐக்கியம் என்ற சொல்லைப் பலகையில் எழுதும்போது எழுதினவனுக்கும் சிரிப்பு வரவில்லை, எழுதுவித்தவர்களுக்கும் வரவில்லை. பன்னிரண்டு வருடம் அந்தச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்த எனக்கும் வரவில்லை. புங்குடுதீவில் பன்னிரண்டு வட்டாரம் உண்டு. எங்களுடையது எது என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்றப் பதினொன்றிலும் இருப்பவர்கள் தங்களை யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஓடு போட்ட சின்ன மண்டபம். உள்ளே எட்டுக் கதிரை, ஒரு நீள மேசை, மேசையில் அன்றைய பேப்பர்கள், மூலையில் ஒரு கண்ணாடி அலுமாரி. பின்னறையில் உடற்பயிற்சிச் சாமான்கள்: இரும்பு டம்பெல் நாலு சோடி, நீளத் தண்டு ஒன்று, சுவரில் ஆளுயரக் கண்ணாடி. எங்கள் பகுதி ஆட்கள் உள்ளே வருவார்கள். மரமேறுகிற சனங்கள் வெளியே யன்னலடியில் நிற்பார்கள். ஐம்பத்தேழில் பொது இடங்களில் ஒருவரையும் சாதி சொல்லி மறிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரை நாங்கள் உள்ளே கதிரையில் இருந்து வாசித்தோம். வெளியே நின்றவர்களுக்கு யன்னலால் உரத்து வாசித்துக் காட்டினோம். அவர்களும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அப்படி யன்னலடியில் நின்றவர்களில் ஒருவன் ஏரம்பு.

முப்பத்தெட்டாம் ஆண்டு பிறந்தவன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தான், நிலத்தில் உட்கார்ந்து. பன்னிரண்டு வயதில் தகப்பனுக்குப் பின்னால் பனையில் ஏறத் தொடங்கினான். கள்ளுக் காலத்தில் காலையில் முப்பது மரம், பின்னேரம் அதே முப்பது மரம். அவன் குடியிருந்த துண்டுக் காணியும், ஏறின மரங்களில் பாதியும் சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளையருக்குச் சொந்தம். அவர் நினைத்தால் இரவோடிரவாக ஏரம்புவைச் சட்டி பானையோடு ஒழுங்கையில் நிறுத்தலாம். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும், ஏரம்புவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

உடம்பு என்றால் அதுதான் உடம்பு. கெண்டைக்காலும் முதுகும் முன்னங்கையும் கடைந்து வைத்த மாதிரி இருக்கும். நான் தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் உடற்பயிற்சிப் புத்தகம் ஒன்றுக்குச் சந்தா கட்டி மாதாமாதம் எடுப்பேன். அதிலுள்ள படங்களைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுதான் என் உடற்பயிற்சி. எங்கள் பின்னறைப் பொடியள் பலகாரம் தின்று வளர்ந்த உடம்போடு கண்ணாடிக்கு முன் நின்று மூச்சடக்கும்போது, யன்னலுக்கு வெளியே அந்தப் புத்தகத்து ஆள் ஒருவன் தோளில் மரமேறும் தளைநாரோடு நிற்பான்.

அறுபத்துநாலில் ஒரு நாள் கந்தோரில் முத்திரை வாங்க வந்த இடத்தில் கேட்டான்.

“ஐயா, சங்கத்தில ஒரு பழைய சோடி டம்பெல் சும்மா கிடக்குது. வீட்ட கொண்டுபோய் வைச்சுச் செய்ய விடுவினமோ? கவனமாத் திருப்பித் தாறன்.”

“கேட்டுப் பாக்கிறன்” என்றேன். அவனை நான் ‘நீர்’ என்று கூப்பிடுவேன். மற்றவர்கள் ‘நீ’, ‘டேய்’ என்பார்கள். அந்த ஒரு எழுத்து மரியாதையை ஏதோ நிலபுலம் எழுதிக் கொடுத்த மாதிரி நான் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

கூட்டத்தில் சொன்னேன். ஆழ்வாப்பிள்ளையர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து இருந்தார்.

“தம்பி பரமலிங்கம், நீர் படிச்ச ஆள். அவன் பிடிச்ச சாமானை நாளைக்கு என்ர பொடியன் பிடிக்கிறதோ?”

அடுத்த விஷயத்துக்குப் போனோம்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. வருடாவருடம் யாழ்ப்பாணத்தில் ஆணழகன் போட்டி நடக்கும். அதற்கு முந்திய வருடம் அடுத்த தீவான வேலணைப் பக்கத்துப் பொடியன் ஒருவன் மூன்றாம் இடம் எடுத்துவிட்டான். ஆழ்வாப்பிள்ளையருக்கு அது வயிற்றெரிச்சல். போட்டிக்குத் தனி ஆளாகப் போக முடியாது, ஒரு சங்கம் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். நான் மெல்லப் பேச்சைத் தொடக்கினேன். ஏரம்புவை எங்கள் பெயரில் அனுப்பினால் முதலிடம் தீவுக்கு வரும். அவன் மண்டபத்துக்குள் வரத் தேவையில்லை, வீட்டிலேயே பழகுவான், சாமானும் தன் காசில் வாங்குவான். நாங்கள் ஒரு கையெழுத்து மட்டும் வைத்தால் போதும். பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் காரியம் பார்க்கிற கெட்டித்தனம் என்று அதை நினைத்தேன். ஆழ்வாப்பிள்ளையர் யோசித்தார். பேர் சங்கத்துக்கு, வேர்வை அவனுக்கு என்று கண்டதும் சம்மதித்தார்.

ஏரம்புவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவன் வேலிப் படலைக்கு உள்ளே, நான் படலைக்கு வெளியே.

“போட்டியில வெண்டால் என்ன ஐயா கிடைக்கும்?”

“கிண்ணம் ஒண்டு. பேப்பரில படம் வரும்.”

“பிறகும் யன்னலடியிலதானே நிக்கோணும்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் உற்சாகம் வந்துவிட்டது. “என்ன கதை கதைக்கிறீர்? நீர் கிண்ணத்தோட வந்து நிண்டால் உம்மை ஆர் வெளியில விடுறது? நானே வாசலில நிண்டு ‘உள்ள வாரும்’ எண்டு கூப்பிடுவன். செக்கிறட்டறி நான் சொல்லுறன்” என்றேன்.

“ஐயா சொன்னால் சரி” என்றான் ஏரம்பு. கிண்ணமும் படமும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. அவன் கேட்டதெல்லாம் அந்த வாசலைத்தான். அடுத்த இரண்டு வருடமும் அவன் தூக்கின ஒவ்வொரு இறாத்தலும் என் ஒரு சொல்லை நம்பித் தூக்கினது. இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

டம்பெல் தெரிவுசெய்ய இருவரும் யாழ்ப்பாணம் போனோம். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. அவன் கடலுக்குக் குறுக்கே போட்ட பண்ணைத் தாம்போதி கடந்து பட்டினம் வரும்வரை நின்றுகொண்டே வந்தான். இரும் என்று நான் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.

பெரியகடைப் பக்கம் ஒரு இரும்புச் சாமான் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்து, “ஐயாவுக்கோ?” என்றார். இவருக்கு என்று ஏரம்புவைக் காட்டினேன். அவர் ஏரம்புவைப் பார்க்காமலே எனக்கு விளக்கத் தொடங்கினார்.

ஒரே வார்ப்பில் செய்த டம்பெல் சோடிகள் வரிசையாக இருந்தன. பத்து, பதினைந்து, இருபத்தைந்து இறாத்தல். வெள்ளி மாதிரி முலாம் பூசி மினுங்கிய ஒரு இருபத்தைந்தை நான் தூக்கப் பார்த்து, தூக்கினதாகக் காட்டிக்கொண்டு வைத்தேன். “இது நல்லது. புத்தகத்தில இதைத்தான் போட்டிருக்கு” என்றேன். ஏரம்பு அதை ஒரு கையால் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தான்.

“இது எனக்குச் சரிவராது ஐயா.”

“ஏன்?”

“என்ர இரண்டு கையும் ஒண்டில்லை. மரத்தில இடக்கை கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், வலக்கைதான் பாளை சீவும், கள்ளு முட்டி தூக்கும். பதினாலு வருசம் அப்பிடி. இடக்கை பிடிக்கும், ஆனால் தூக்காது. இரண்டுக்கும் ஒரே பாரம் குடுத்தால் வலது தின்னும், இடது பட்டினி கிடக்கும். மேடையில ஏறி நிக்கேக்க ஒரு தோள் பெரிசு, ஒரு தோள் சின்னன். சிரிப்பினம்.”

நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. மரமேறுகிறவனுக்கு என்று எவன் புத்தகம் எழுதினான்?

கடைக்காரர் அப்போதுதான் அவனைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே போய்த் தட்டு மாற்றுகிற டம்பெல் இரண்டு வகை கொண்டுவந்தார். நடுவில் ஒரு தண்டு. இரு பக்கமும் ஓட்டை போட்ட இரும்புத் தட்டுகளைக் கோர்த்து, வெளியே கழலாமல் பூட்ட வேண்டும். இரண்டரை, ஐந்து, பத்து இறாத்தல் தட்டுகள். வேண்டியபோது ஏற்றலாம், இறக்கலாம், ஒரு கைக்கு இவ்வளவு மறு கைக்கு அவ்வளவு என்று வைக்கலாம். பத்துச் சோடி வாங்கி அடுக்க ஏரம்புவின் ஒற்றைக் கொட்டிலில் இடமும் இல்லை.

ஒரு வகையில் தண்டின் நுனியிலேயே புரி வெட்டி, பெரிய நட்டுக் கொடுத்திருந்தார்கள். கையால் திருகினால் போதும். மற்றதில் தண்டு வழுவழுப்பு. ஒரு வளையத்தைப் போட்டு, வளையத்திலுள்ள சின்னப் போல்ட்டை ஸ்பனரால் இறுக்க வேண்டும்.

“திருகிறதுதான் சுகம். கெதியாத் தட்டு மாத்தலாம்” என்றேன் நான்.

ஏரம்பு இரண்டிலும் தட்டுப் போட்டு, காதுக்குக் கிட்டப் பிடித்துக் குலுக்கிப் பார்த்தான். நுனிப் புரியை விரலால் தடவினான். பிறகு வளையம் போட்டதைத் தலைக்கு மேலே பிடித்து ஆட்டினான். கடையில் நின்ற இரண்டு மூன்று பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“எங்கட பக்கம் உப்புக்காத்து ஐயா. இந்தப் புரி ஒரு மாரி தாங்காது, துருப்பிடிச்சுத் தேஞ்சுபோம். தேஞ்சால் தண்டே போச்சு. படுத்துக்கிடந்து தூக்கேக்க நட்டுக் கழண்டால் தட்டு நெஞ்சில. மற்றதில போல்ட்தான் தேயும். சைக்கிள் கடையில வேற போல்ட் வாங்கிப் போடலாம்.”

“ஒவ்வொருக்காலும் ஸ்பனர் பிடிக்கோணுமே?”

“மரத்தில ஏற முந்தி தளைநாரை ஒவ்வொருக்காலும் பாத்துத்தான் போடுறது. சோம்பல் பட்டவன்ர பெண்சாதி தாலி அறுத்திருக்கிறாள்.”

வளையம் போட்டதையே எடுத்தோம். காசு முழுவதும் அவனுடையது. தட்டுகளைச் சாக்கில் கட்டி அவனே தோளில் சுமந்தான். ஒரு சின்னப் பொட்டலத்தில் ஸ்பனர் மட்டும் என் கையில் இருந்தது. குறிகட்டுவான் பஸ்ஸில் திரும்பினோம்.

அவன் பழகிய இடம் கொட்டிலுக்குப் பின்னால், இரண்டு பனைக்கு நடுவே கிடுகு போட்ட ஒரு சாய்ப்பு. பழைய வள்ளப் பலகையைக் கல்லில் வைத்து, படுத்துத் தூக்க ஒரு வாங்கு செய்திருந்தான். காலையில் மரம், மத்தியானம் டம்பெல், பின்னேரம் மரம். மீனும் முட்டையும் ஒடியல்கூழும் சாப்பாடு. மனைவி செல்லாச்சிதான் தட்டு மாற்றுவாள். மெலிந்த பெண், ஆனால் ஸ்பனர் அவள் கையில் நன்றாகப் பேசும். முதல் மாதம் வலது கைக்கு இருபத்தைந்து, இடது கைக்குப் பதினைந்து. நான் வேலிக்கு வெளியே நின்று புத்தகத்தைப் பார்த்து உரத்து வாசிப்பேன். எத்தனை முறை, எவ்வளவு ஓய்வு, மூச்சை எப்போது விடுவது. என்னை உள்ளே வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் போகவில்லை. அவர்களுக்கு எங்கள் யன்னல், எனக்கு அவர்கள் வேலி என்று அன்று நான் நினைத்துப் பார்க்கவுமில்லை.

இடது கை பிடிவாதக்காரன். அதற்கு இரு நுனியிலும் இரண்டரை இறாத்தல் தட்டு ஒவ்வொன்று ஏற்ற மூன்று மாதம் சென்றது. பிறகு இன்னொரு சோடி இரண்டரை. செல்லாச்சி ஒவ்வொரு முறையும் தட்டைக் கோர்த்துவிட்டு, “இடதுக்கு இருபது!” என்கிற மாதிரி எனக்குக் கேட்கச் சொல்லுவாள். பதினாலு மாதம் கழித்து ஒரு நாள் இரண்டு கைக்கும் ஒரே தட்டுப் போட்டாள். அன்று ஏரம்பு எழும்பி வேலியடிக்கு வந்தான்.

“ஐயா, அலுமாரிக்குப் பக்கத்துக் கதிரையில முதல் இருந்து பேப்பர் பாக்கோணும். யன்னலால பாத்தால் அந்தக் கதிரைதான் எப்பவும் தெரியிறது.”

“பின்ன? அதில இருக்காமல்?” என்றேன். பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை என்பது என்னைக் கண்டு சொன்னதாகத்தான் இருக்க வேண்டும்.

அறுபத்தாறில் போட்டி. மண்டபம் நிறைந்த சனம். ஏரம்புவின் நெஞ்சில் மரம் உராய்ந்து உராய்ந்து கறுத்துக் காய்த்துப்போன தழும்பு இரு பக்கமும் உண்டு. பவுடர் போட்டு மறைப்போம் என்று நான் டப்பாவோடு போனேன்.

“வேண்டாம் ஐயா. இதை மறைச்சால் இந்த உடம்பு எப்பிடி வந்ததெண்டு பொய் சொன்னமாதிரி” என்றான்.

தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு மேடையேறினான். கைகளை உயர்த்தி நின்றபோது இரண்டு தோளும் ஒரு மட்டம். சபையின் கைதட்டலில் கூரை கிழிந்தது. முதலிடம் அவனுக்கு. நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன், அந்த அழுகை பொய்யில்லை.

கிண்ணம், ஆளை அனுப்பிய சங்கத்துக்கு; போட்டியாளருக்குச் சான்றிதழ் மட்டும். விண்ணப்பத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். எனக்கு அது முதலே தெரியும். அவன் வெல்வான் என்று உள்ளுக்குள் நம்பாததால் சொல்லாமல் விட்டிருந்தேன். மேடையில் கிண்ணத்தை என் கையில் தந்தார்கள். ஏரம்பு பக்கத்தில் கடதாசியோடு நின்றான். அவன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. அவனுக்குக் கிண்ணம் எங்கே போனாலென்ன, அதன் பின்னால் தானும் போகலாம் என்ற எண்ணம்.

மறுநாள் பின்னேரம் வாணர் தாம்போதியடியில் ஆழ்வாப்பிள்ளையர் மேளத்தோடு காத்திருந்தார். வாடகைக் கார், மாலை, சீனவெடி. காரின் முன் இருக்கையில் அவரும் கிண்ணமும். ஏரம்புவைப் பின்னால் திறந்த லொறியில் நிறுத்தியிருந்தார்கள், ஊர் பார்க்கட்டும் என்று. வேறு வட்டாரமான இறுப்பிட்டிச் சந்தியில்கூடச் சனம் நின்று கைதட்டியது. சங்கத்து வாசலுக்கு வந்தோம். எல்லாரும் படியேறி உள்ளே போனார்கள். ஏரம்பு லொறியிலிருந்து இறங்கி, கழுத்தில் மாலையோடு வந்து, முதல் படியில் ஒரு காலை வைத்து நின்றான்.

வைத்த காலோடு என்னைப் பார்த்தான்.

நான் வாசலில் கிண்ணத்தோடு நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் முழுச் சங்கமும். சொல்ல வேண்டியது இரண்டு சொல். அது தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. ஆழ்வாப்பிள்ளையர் உள்ளே இருந்து, “தம்பி, கிண்ணத்தை இஞ்ச கொண்டாரும். படம் எடுக்க வெளிச்சம் போகுது” என்றார். நான் திரும்பி உள்ளே போனேன். அலுமாரிக்கு முன்னால் எட்டுப் பேர் நின்று படம் எடுத்தோம். படம் எடுத்து முடிந்து எட்டிப் பார்த்தேன். காலை எடுக்காமல் அப்படியே நின்றான். யாரோ ஒரு சோடாவை உடைத்து வெளியே கொடுத்துவிட்டார்கள். சோடாப் போத்தல் என்றால் கிளாஸ் தேவையில்லை, தேத்தண்ணி என்றால் எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்ற தொல்லை. அன்று அவனுக்குச் சோடா கொடுத்ததைப் பெரிய மரியாதை என்று ஊரில் ஒரு வாரம் பேசினார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், நித்திரையும் கொண்டேன். வெட்கம் ஒருவனையும் கொல்லுவதில்லை.

இரண்டு கிழமைக்குப் பின் கூட்டம். ஏரம்பு வென்றதும் எங்கள் பொடியளுக்கெல்லாம் ஆணழகன் ஆசை பிடித்துவிட்டது. அந்தத் தட்டு மாற்றுகிற டம்பெல்தான் காரணம், அது சங்கத்துக்கு வேண்டும் என்றார்கள். ஆழ்வாப்பிள்ளையர் உடனே தீர்ப்புச் சொன்னார்.

“அவனுக்கு இனி என்னத்துக்கு? சங்கத்தின்ர பேரில போனவன், சாமானும் சங்கத்துக்குத்தான். போய் எடுத்துக்கொண்டு வாரும்.”

நான் அரை வாயால் சொன்னேன். “இரண்டு வருசத்துக்கு முந்தி எங்கட டம்பெல்லை அவனுக்குக் குடுக்க ஏலாது எண்டனீங்கள் அண்ணை. தொட்டது எண்டு.”

“அது எங்கட சாமானை அவன் தொடுறது. இது அவன்ர சாமானை நாங்கள் எடுக்கிறது. இரும்பு தானே, கழுவினால் சரி. வித்தியாசம் விளங்கேல்லையோ உமக்கு?”

விளங்கியது. எங்கள் ஊரில் இதைவிடத் தெளிவாக எவரும் எதையும் விளக்கியதில்லை.

போனேன். அன்றுதான் முதல்முறை படலையைத் திறந்து உள்ளே போனேன். ஏரம்பு பலகை வாங்கில் இருந்தான். விஷயத்தைச் சொன்னேன். செல்லாச்சி ஸ்பனரை மடிக்குள் செருகிக்கொண்டு, “காணி அவையின்ர, மரம் அவையின்ர. இந்த இரும்பு எங்கட” என்றாள்.

“குடு” என்றான் ஏரம்பு. “இல்லையெண்டால் நாளைக்குக் கொட்டிலும் இருக்காது.”

அவளிடமிருந்து ஸ்பனரை வாங்கித் தானே வளையங்களைக் கழற்றினான். ஒவ்வொரு தட்டாகத் துணியால் துடைத்து எனக்கு முன்னால் அடுக்கினான். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “ஏரம்பு, அண்டைக்கு வாசலில நான்…” என்று தொடங்கினேன்.

“எனக்குக் கதவு திறக்கேல்லை எண்டு கவலையில்லை ஐயா. ஆழ்வாப்பிள்ளை நயினார் திறக்கமாட்டார், அது எனக்குத் தெரியும். நீங்கள் ‘உள்ள வாரும்’ எண்டு ஒருக்காச் சொல்லியிருந்தால், அவர் மறிச்சிருப்பார், நானும் திரும்பி வந்திருப்பன். ஆனால் கூப்பிட ஒராள் இருந்தவர் எண்டு சந்தோசமா வந்திருப்பன். நீங்கள் சொல்லேல்லை.”

அவன் சொல்லிவிட்டு அடுத்த தட்டைத் துடைத்தான். அவன் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் அந்தத் தட்டுகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய் சங்கத்தில் கொடுத்தேன். கிணற்றடியில் கழுவி உள்ளே எடுத்தார்கள். எங்கள் பொடியள் ஒருவனும் ஆணழகன் ஆகவில்லை. போல்ட் இறுக்கச் சோம்பல்பட்டு ஒருவன் காலில் தட்டு விழுத்தினான். அதன் பிறகு அது மூலையில் துருப்பிடித்தது.

அடுத்த வருடம் ஏரம்பு குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டான். காடு வெட்டி மிளகாய் வைக்கிறான் என்று கேள்வி. நான் செயலாளராகவே இருந்தேன்.

எழுபத்திரண்டில் சங்கத்துக்குப் புதிய கட்டடம் கட்ட உதவிப்பணம் தரலாம் என்று மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எல்லாருக்கும் திறந்த இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சட்டத்துக்குத் திறக்காத கதவு உதவிப்பணத்துக்குத் திறந்தது. ஆழ்வாப்பிள்ளையரே நாடா வெட்டினார். நான் வரவேற்புரை சொன்னேன். அந்த உரையில் ஒரு வரியும் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

எழுபத்தைந்தில் கந்தோர் வேலையாக ஆறு மாதம் கிளிநொச்சியில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை பரந்தன் சந்தியில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்கு நின்றபோது, “ஐயா!” என்று ஒரு குரல். செத்தல் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் ஏரம்புவும் செல்லாச்சியும். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. தோள் அப்படியே இருந்தது.

சுகம் விசாரித்தான். என் தாயார் செத்ததைக் கேட்டுக் கவலைப்பட்டான். என்ன கதைப்பது என்று தெரியாமல், பெரிய நல்ல செய்தி கொண்டுவந்தவன் மாதிரி சொன்னேன்.

“இப்ப சங்கத்துக்குள்ள ஆரும் போகலாம், ஏரம்பு. எல்லாரும் கதிரையில இருந்துதான் பேப்பர் பாக்கினம். உம்மட கிண்ணமும் அலுமாரியில இருக்கு. ஊருக்கு வந்தால் பாரும்.”

அவன் மிளகாய்ச் சாக்கைக் கீழே வைத்தான். “மெய்யோ?”

“மெய்தான். மூண்டு வருசமாகுது.”

“ஆர் திறப்பிச்சது?”

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன். பஸ் வரவில்லை.

“நீங்கள் சொல்லியோ?” என்றான்.

உண்மையைச் சொல்ல ஒரு கணம் போதும். வாழ்க்கையில் இரண்டாம் முறை அவன் எனக்கு முன்னால் அப்படி நின்றான். முதல்முறை சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்லவில்லை. இம்முறை சொல்லக்கூடாத சொல் தானாக வந்தது.

“ஓம்” என்றேன். “நான்தான் நிண்டு பிடிச்சனான்.”

ஏரம்புவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சந்தோசத்தை அவன் முகத்தில் மேடையில்கூட நான் காணவில்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். “எனக்குத் தெரியும் அண்ணை” என்றான். அதுவரை அவன் என்னை அண்ணை என்று கூப்பிட்டதில்லை. “அண்டைக்கு அந்தக் கதை உங்களோட கதைச்சது பிழை எண்டு நான் எத்தினை நாள் நினைச்சனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

செல்லாச்சி மூட்டையில் சாய்ந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்ததும் கையை விடுவித்துக்கொண்டு ஏறினேன். உட்கார இடம் இருந்தது.